துரைமாரின் ஏடும் தொழிலாளரின் குரலும்

பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் மேஜர் தோமஸ் வில்லியம் றோஜர்ஸின் நினைவாக எழுப்பப்பட்டதாகும். ஊவாவில் வீதிகளை அமைத்த நிர்வாகியாகவும், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற வேட்டைக்காரராகவும் அறியப்பட்ட அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். அவர் பெயரைக் கல் காத்து நிற்கிறது. அவருடைய காலத்தில் உருவாகிய தோட்டத்துரைமார் வர்க்கத்தின் சிந்தனையைக் காத்துத் தந்தவை பத்திரிகைகளே. மலையக வரலாற்றை எழுத முற்படுவோர் கல்லைக் கடந்து ஏட்டுக்கு வருதல் அவசியமாகும்.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் காடுகளையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாகக் கருத வழிசெய்தது. அந்நிலங்களிற் கோப்பி பயிரிட்ட துரைமாரும் கொழும்பு ஆங்கில வர்த்தகரும் தமது நலன்களைப் பேசுவதற்கென 1846இல் ‘சிலோன் டைம்ஸ்’ பத்திரிகையைத் தோற்றுவித்தனர். தோட்டத்துரைமார் சங்கம் கண்டியில் அமைந்ததோ 1854இல். சங்கமாகத் திரள்வதற்கு எட்டாண்டுகள் முன்னரே இவ்வர்க்கம் அச்சிலே தன்னை இனங்கண்டுகொண்டது எனலாம்.

இதனால் ஆங்கிலப் பத்திரிகைகள் யாவும் ஒரே குரலிற் பேசின என்று கொள்ளுதல் பொருந்தாது. ‘ஒப்சேவர்’ ஆசிரியர் கிறிஸ்தோபர் எலியட் 1848இற் புதிய வரிகளை எதிர்த்தவர். ஆயின் அப்பத்திரிகை 1859இல் ஏ. எம். பெர்கியூசனின் கைக்கு மாறிய பின்னர் தோட்டத்துறையின் ஏடாகவே வளர்ந்தது. பெர்கியூசன் வெளியீடாக வந்த விவரத்திரட்டுகளைப் புரட்டினால் தோட்டத்தின் பெயர், உடைமையாளர், துரை, ஏக்கர்க் கணக்கு ஆகியன ஒழுங்காகப் பதியப்பட்டிருத்தலைக் காணலாம். காட்டை வெட்டிய கைகளுக்குரியோர் அங்கே பெயரற்றவர்கள். உழைப்பு வெறும் பண்டமாகும்போது உழைப்பாளி ஏட்டிலிருந்தும் மறைகிறான்.

இந்நிலையை உடைக்கத் தமிழ் அச்சுக்கு முக்கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. 1921இல் ‘தேசநேசன்’ நாளேட்டையும், 1924இல் ‘தேசபக்த’னையும் நடத்திய கோ. நடேசய்யர், அந்நியர் நுழைய முடியாத தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாக வேடமிட்டுச் சென்று லயன்களின் நிலையை நேரிற் கண்டவர். எழுத்தறியாதோர் பெரும்பான்மையினராயிருந்த சமூகத்திற் பத்திரிகை மட்டும் போதாதென்பதை அவர் மனைவி மீனாட்சி அம்மை நன்குணர்ந்திருந்தார். பாட்டெழுதினார், கூட்டங்களிற் பாடினார். நமது இலக்கிய வரலாறுகள் இதனை ஓரிரு வரிகளிற் கடந்துவிடுவது நியாயமன்று.

நடேசய்யரின் சிந்தனையில் இந்தியத் தேசியத்தின் எல்லைகள் தென்படுவது உண்மையே. எனினும் ஏ. ஈ. குணசிங்ஹாவுடன் தொழிற்சங்கப் பணியாற்றிய அவர், குணசிங்ஹா இந்தியர் எதிர்ப்பைக் கையிலெடுத்தபின் அங்கு தொடர்ந்திருத்தல் இயலாதிருந்தது. இனவாதம் உழைப்பாளர் ஒற்றுமையைப் பிளந்தமைக்கான பொறுப்பை அவர்மீது மட்டும் சுமத்துவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

1940இல் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவொன்றை அமைத்தனர். அப்போராட்டத்தை ஆராய்வோர் பொலிஸ் பதிவுகளையும் துரைமார் சார்ந்த ஏடுகளையும் எதிர்த்தரப்புச் சாட்சியங்களாகக் கொண்டு வாசித்தல் வேண்டும். ஊவா லயன்களில் எஞ்சியுள்ள துண்டுப்பிரசுரங்களும் பாட்டுக்களும் அவற்றுக்கு அருகே வைக்கப்படல் வேண்டும்.