பத்தொன்பதரை நாள்

லண்டனிலிருந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர். இன்றைய விமானம் எங்கும் இறங்காமல் பறந்தால் பதினாறு, பதினேழு மணி நேரம். 1930இல் எமி ஜான்சனுக்குப் பத்தொன்பதரை நாள் பிடித்தது. மே 5 அன்று லண்டனின் க்ராய்டன் விமானத்தளத்தில் கிளம்பியவர் மே 24 அன்று டார்வினில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் அவர்.

அவர் முறியடிக்க நினைத்தது பெர்ட் ஹிங்க்ளரின் சாதனையை: 1928இல் பதினைந்தரை நாள். ஆறே நாளில் கராச்சியை அடைந்து ஹிங்க்ளரை முந்தியும் இருந்தார். பிறகு நான்கு நாள் பின்தங்கினார். நேரத்தை மட்டும் பார்த்தால் இது தோல்வி.

அந்தப் பத்தொன்பதரை நாளைப் பிரித்துப் பார்க்கிறேன். பல ஊர்களில் இறங்கி அவர் கடந்த தூரம் சுமார் 17,700 கிலோமீட்டர். அவருடைய ஜிப்ஸி மாத் விமானம் மணிக்கு 140 கிலோமீட்டர் போனதாக வைத்துக்கொண்டால், வானில் இருந்தது ஐந்து நாளுக்குச் சற்றே அதிகம். மீதி இரண்டு வாரம் தரையில் கழிந்தது. பெட்ரோல் வடிகட்டி ஊற்றுவதும் எஞ்சினைச் சரிபார்ப்பதும் அவர் வேலைதான். ரங்கூன் அருகே இன்சீனில் விமானம் பள்ளத்தில் இறங்கி இறக்கையும் புரொப்பெல்லரும் சேதமடைந்தன. அங்கிருந்த தொழிற்கல்விக்கூடத்தாரின் உதவியோடு சரிசெய்து மீண்டும் கிளம்பினார்.

இந்தத் தரை வேலைக்கு அவர் தகுதி பெற்றிருந்தார். பொருளாதாரப் பட்டதாரி, வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டே விமானம் ஓட்டக் கற்றவர். 1929இல் விமானப் பொறியாளர் உரிமம் பெற்ற முதல் பிரிட்டிஷ் பெண். ஆனால் ஊர் கொண்டாடியது வானத்தில் தனித்துப் பறந்த இளம்பெண்ணை. கையில் ஸ்பானர் பிடித்த பொறியாளரை அல்ல. சமையலுக்கு முன்னும் பின்னுமான வேலையை யாரும் கணக்கில் எடுக்காத வீடுகளில் வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

அந்தப் பாதை பிரிட்டிஷ் பேரரசு போட்டுவைத்த பாதை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவர் கிளம்பிய அதே மே 5இன் அதிகாலையில்தான் காந்தி கைதானார். எரிபொருள் தீர்ந்து அவர் ஜான்சியின் ராணுவ மைதானத்தில் இறங்கியபோது நாடெங்கும் உப்புச் சத்தியாக்கிரகம். மே 21 அன்று தராசனா உப்பளத்தை நோக்கித் தொண்டர்களை வழிநடத்தினார் சரோஜினி நாயுடு, சிறைக்குப் போனார். ஒரு பெண்ணுக்குத் தன் விமானத் தளங்களைத் திறந்துவிட்ட அரசு, உப்புக்காக நடந்த பெண்களுக்குச் சிறைக்கதவைத் திறந்தது. எமியின் துணிச்சலை மதிக்கிறேன்; இந்த வேறுபாட்டையும் மறக்க இயலவில்லை.

அந்த அரசு தன் பெண்களையும் சமமாக நடத்தவில்லை. இரண்டாம் உலகப்போரில், ராணுவ விமானங்களை இடம் சேர்க்கும் துணைப்படையில் எமி சேர்ந்தார். ஒரே வேலைக்கு அங்கே பெண்களுக்கு 20 சதவீதம் குறைந்த ஊதியம். 1941 ஜனவரி 5 அன்று அப்படியொரு விமானத்தைக் கொண்டுசெல்லும்போது தேம்ஸ் முகத்துவாரத்தில் விழுந்து இறந்தார். உடல் கிடைக்கவில்லை. சம ஊதியம் 1943இல் வந்தது. எமிக்கு அது இரண்டு ஆண்டு தாமதம்.