முழுக்கை சட்டையும் 1872-ம் வருஷ சட்டமும்

ஜப்பானுக்கு இங்கிலீஷ் டீச்சரா கிளம்புறவங்களுக்கு அடிக்கடி கிடைக்கிற அட்வைஸ்: டாட்டூவை முழுக்கை சட்டையில மறைங்க, இல்லன்னா வேலைக்கே சிக்கல் வரலாம். ஏன்?

எடோ காலத்தில் குற்றவாளிகளுக்குத் தண்டனையாகவே பச்சை குத்தினாங்க. 1872-ல் மெய்ஜி அரசு பச்சை குத்துறதையே தடை செய்தது. வெளிநாட்டுக்காரங்க நம்மளை நாகரிகம் இல்லாதவங்கன்னு நினைச்சிடுவாங்களோங்கிற பயம். வேடிக்கை என்னன்னா, 1881-ல் பிரிட்டிஷ் இளவரசர் ஜார்ஜ், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், அதே ஜப்பானில்தான் கையில் டிராகன் குத்திக்கிட்டார்!

1948-ல் தடை நீங்கிச்சு. ஆனா டாட்டூன்னா யாகுசா ரவுடிங்கிற எண்ணம் நின்னுடுச்சு. 2012-ல்கூட ஒசாகா மேயர் ஹஷிமோட்டோ, மாநகராட்சி ஊழியர்கள்ல யாருக்கெல்லாம் டாட்டூ இருக்குன்னு கணக்கெடுத்தார்.

அவங்க ஊர், அவங்க ஸ்கூல், மறைச்சுக்கலாம். ஆனா எந்தப் பயத்துக்காக மறைக்கிறோம்னு தெரிஞ்சுக்கிட்டு மறைப்போம்.