துண்டு என்னும் சீட்டின் கதை

துண்டு என்றதும் நம்மனோர்க்குத் தோளில் கிடப்பதுதான் நினைவுக்கு வரும். பெரியோரைக் கண்டால் அதனை இடுப்பிற்கு இறக்குவதும், அவர் சென்றபின் மீண்டும் தோளேற்றுவதும் நம் பாட்டனார் காலத்து வழக்கம். ஆயின் நூறாண்டுகளுக்கு முன்னர், பாக்கு நீரிணைக்கு அப்பால், இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் துண்டு என்ற சொல்லுக்கு வேறொரு பொருள் இருந்தது. அங்கே அஃது ஒரு காகிதம். ஒரு தோட்டத்தில் உழைப்பவன் அதனை விட்டு மற்றொரு தோட்டத்திற்குச் செல்லலாமா, ஆகாதா என்பதை அந்தக் காகிதமே முடிவு செய்தது. வெள்ளைத் துரைமார் அதற்குத் தம் மொழியில் பெயர் தேடவில்லை; நம் சொல்லையே எடுத்துத் தம் அறிக்கைகளில் எழுதிவந்தனர். ஆங்கிலத்திற்குத் தமிழ் ஈந்த சொற்கள் என்று கட்டுமரத்தையும் மிளகுத்தண்ணீரையும் சொல்லி மகிழும் அன்பர்கள், இந்தச் சொல்லை மட்டும் அந்த வரிசையில் சேர்ப்பதில்லை. சேர்த்தால் மகிழ்ச்சி குறையும்.

திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து நம் மக்கள் அங்குச் சென்றது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தொடங்கியது. முதலில் காப்பித் தோட்டம். காப்பி பறிக்கும் பருவத்தில் சென்று, முடிந்தபின் ஊர் திரும்பியவர் பலர். 1869ஆம் ஆண்டில் இலைநோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்து தேயிலை வந்தது. தேயிலைக்குப் பருவம் என்பதில்லை. ஆண்டு முழுவதும் கொழுந்து எடுத்தாகவேண்டும். ஆகவே ஆட்கள் ஊர் திரும்பாமல் அங்கேயே நிலைத்திருக்க வேண்டியது துரைமாருக்கு இன்றியமையாததாயிற்று.

பிஜிக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் சென்றவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வைத்துச் சென்றனர். இலங்கைக்குச் சென்றவர்களுக்கு அத்தகைய முறி இல்லை. 1865ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டப்படி அவர்களுடைய வேலை மாதக் கணக்கில் அமைந்தது. ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்தால் எவரும் விலகலாம். ஏட்டில் படிக்கும்போது இதனைக் காட்டிலும் நேர்மையான சட்டம் உண்டோ என்று தோன்றும். ஆனால் அதே சட்டம், அறிவிப்பின்றி வேலையை விட்டு அகன்றவனைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கு அனுப்பவும் வழி செய்தது. மேலும், முறையாக விலகுவோன் கையில் விடுப்புச் சீட்டு இருக்கவேண்டும். அச்சீட்டில்லாது வந்தவனை வேறு தோட்டத்தார் சேர்த்துக்கொள்ளார். அந்தச் சீட்டு எளிதில் கிடைக்கவில்லை. ஏனெனில் எல்லோரும் கடனாளிகளாக இருந்தனர்.

அக்கடன் வந்த வழியைச் சொல்லவேண்டும். ஊரில் ஆள் திரட்டியவன் கங்காணி. பழைய கடனை அடைக்கவும், வழிச்செலவுக்கும், பெண்டு பிள்ளைகளின் சோற்றுக்கும் அவன் முன்பணம் கொடுத்தான். தோட்டத்தை அடையும்போதே ஒவ்வொருவர் தலையிலும் ஒரு தொகை ஏறியிருந்தது. பெரும்பாலும் அந்தப் பணம் தோட்டத்துரை கங்காணிக்குக் கொடுத்ததே. துரைக்குக் கங்காணி கடன். கங்காணிக்கு ஆட்கள் கடன். கூலியோ குறித்த நாளில் வருவதில்லை. மாதக்கணக்கில் நிலுவை நிற்கும். அறுபது நாட்களுக்குள் கூலி கொடுத்தாகவேண்டும் என்று 1889ஆம் ஆண்டில் தனியாக ஒரு சட்டமே இயற்றவேண்டியிருந்தது என்றால், அதற்கு முன்னிருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்நிலையில் கங்காணி வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால் துரையிடம் ஒரு துண்டு வாங்குவான். இன்ன கங்காணியும் அவனுடைய இத்தனை ஆட்களும் இத்தனை ரூபாய் கடன்பட்டுள்ளனர். அத்தொகையைச் செலுத்துவோர்க்கு இவர்களை விடுவிப்போம் என்பதே அதன் சாரம். அதனைக் கையிற்கொண்டு கங்காணி மலை மலையாக ஏறி இறங்குவான். ஆள் தேவைப்பட்ட துரை பழைய தொகையைக் கட்டுவதோடு, கங்காணியின் மனம் குளிர மேலும் கொடுப்பான். ஒரு கணக்காக வைத்துக்கொள்வோம். ஐம்பது பேருக்கு ஆயிரம் ரூபாய் என்று எழுதிய துண்டு புதிய தோட்டத்தில் ஆயிரத்தைந்நூறாகும். மேல் வந்த ஐந்நூறு கங்காணியின் மடிக்குள் போகும். அடுத்த முறை எழுதப்படும் துண்டில் அத்தொகையும் அந்த ஐம்பது பேர் தலைமீதே நிற்கும். அவர்களோ அதில் ஒரு சல்லியும் கண்டிரார். இடம் மாறியதால் கங்காணிக்கு ஊதியம். ஆட்களுக்கு ஏறிய கடன். இதற்கு மேல், ஆள் ஒருவர் வேலைக்கு வந்த நாளொன்றுக்கு இவ்வளவு என்று தலைக்காசும் கங்காணிக்கு உண்டு.

துரைமாரும் இம்முறையை விரும்பினர் என்று எண்ணிவிடக்கூடாது. தம் ஆட்களை அண்டைத் தோட்டத்தார் பணத்தால் இழுத்துச் செல்கின்றனர் என்று அவர்கள் ஓயாது புலம்பினர், சங்கம் கூட்டினர், கட்டுப்பாடு பேசினர். ஆனால் ஆள் பஞ்சம் வந்தபோது கட்டுப்பாட்டை மீறி முதலில் துண்டு வாங்கியவரும் அவர்களே. 1904ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் தோட்ட முதலாளிகள் ஆள் திரட்டும் நிலையம் ஒன்றை அமைத்ததற்கு, கங்காணியின் பிடியைத் தளர்த்தும் எண்ணமும் ஒரு காரணம். பிடி உடனே தளரவில்லை.

உழைப்பவர் பக்கம் நின்று பேசியவர்களில் சர் பொன்னம்பலம் அருணாசலம் முன்னவர். உயர்பதவி வகித்து ஓய்வுபெற்ற அவர், 1919ஆம் ஆண்டில் தொழிலாளர் நலச்சங்கம் ஒன்றைத் தோற்றுவித்து, வேலையை விட்டவனைச் சிறைக்கு அனுப்பும் விதிகளை எதிர்த்து வாதாடினார். தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசையர் வேறு வழியில் சென்றார். தோட்டங்களுக்குள் அயலார் நுழைய முடியாத காலமாதலின், துணி வணிகர் வேடத்தில் உள்ளே புகுந்து மக்களின் நிலையை நேரில் கண்டார் என்பர். தம் ஆட்சிக்குட்பட்ட குடிகளைக் கடனடிமைகளாக அனுப்புவதா என்ற கேள்வி இந்தியாவிலும் வலுத்தது. முடிவில் 1921ஆம் ஆண்டின் 43ஆம் எண் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. மறு ஆண்டில் இந்தியா தன் குடியேற்றச் சட்டத்தை இயற்றிற்று.

மும்பையில் வாழும் நாம் இதனை அயல்நாட்டுக் கதையாகக் கருதுவதற்கில்லை. முன்பணம் வாங்கியபின் வேலை செய்ய மறுத்த தொழிலாளியைத் தண்டிக்கும் சட்டம் 1859ஆம் ஆண்டிலேயே கல்கத்தா, சென்னை, பம்பாய் ஆகிய மூன்று மாநகரங்களையும் கருதி இயற்றப்பட்டது; பின்னர் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள் வரை அது பயன்பட்டது. அதனை நீக்கிய சட்டம் 1925ஆம் ஆண்டில்தான் வந்தது. நம்முள் பெரும்பாலோர் இந்நகருக்கு வந்த முதல் வேலையிலேயே இருந்துவிடவில்லை. ஒரு மாத அறிவிப்பை எழுதி மேசைமீது வைத்துவிட்டு அடுத்த தெருவிலுள்ள அலுவலகத்திற்குச் சென்றவர் பலர். அப்போது எவரையும் அனுமதி கேட்டதாக நமக்கு நினைவில்லை.

நம் மும்பை வழியாகவே வளைகுடா நாடுகளுக்குச் சென்றவர்க்கு அந்த நிலை வாய்க்கவில்லை. எண்ணெய் விலை உயர்ந்த 1973ஆம் ஆண்டிற்குப்பின் இந்நகரின் ஆள்சேர்ப்பு நிலையங்களின் வாயிலில் தமிழ்நாட்டு இளைஞர் காத்துக் கிடந்ததை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். அங்கே நிலவிய முறைக்குக் கஃபாலா என்று பெயர். பிணை நிற்றல் என்பது பொருள். பிணை நிற்கும் முதலாளி கஃபீல். வந்தவனுடைய இருப்புரிமை அவர் பெயரோடு கட்டப்பட்டிருக்கும்; அவர் எழுத்து மூலம் இசைந்தாலன்றி வேறிடத்தில் வேலை கொள்ள இயலாது.

இதற்கும் ஒரு பழைய சீட்டு உண்டு. எண்ணெய்க்கு முன் அந்நாடுகள் முத்துக்குளித்தலால் வாழ்ந்தன. முத்துக்குளிப்போர் படகுத் தலைவனான நகுதாவுக்கு ஆண்டுதோறும் கடன்பட்டிருந்தனர். நகுதா என்ற சொல் நம் கடற்கரை மரக்காயர்க்கும் பழக்கமானதே. ஒருவன் வேறு நகுதாவிடம் செல்லவேண்டுமானால், அவன் கடன் இவ்வளவு என்று கூறும் ‘பர்வா’ என்னும் சீட்டு வேண்டும். புதியவர் அக்கடனை ஏற்கவேண்டும். ஹட்டன் மலைச்சரிவில் எழுதப்பட்ட துண்டும் பஹ்ரைன் கடலோரத்தில் எழுதப்பட்ட பர்வாவும் ஒன்றையொன்று அறியா. எனினும் ஒரே கை எழுதியவை போல் இருக்கின்றன.

கத்தாரில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி, முதலாளியின் இசைவுச் சான்றின்றி விலகியவர் நாட்டை விட்டு வெளியேறி, ஈராண்டு திரும்பி வராதிருக்கவேண்டும். நாட்டை விட்டுச் செல்வதற்கே அவருடைய இசைவு வேண்டியிருந்தது. அதே 2009இல் பஹ்ரைன், முதலாளியின் இசைவின்றியே வேலை மாற வழி திறந்தது. ஈராண்டு கழித்து, ஓராண்டாவது முதல் இடத்தில் இருந்திருக்கவேண்டும் என்று அவ்வழியைக் குறுக்கிற்று. 2020ஆம் ஆண்டில் கத்தார் இசைவுச் சான்றை நீக்கியது. ஈராண்டு வரை வேலை செய்தவர் ஒரு மாத அறிவிப்பும், அதற்கு மேற்பட்டவர் இரு மாத அறிவிப்பும் கொடுத்தால் போதும் என்றாயிற்று. இலங்கைச் சட்டம் 1865இல் ஏட்டில் எழுதிவைத்த அதே ஒரு மாதம்!

2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் சவூதி அரேபியாவும் ஓராண்டு வேலை செய்தவர்க்கு வழி திறந்தது. ஆயின் வீட்டுப் பணியாளர், வீட்டு வண்டியோட்டி, தோட்டக்காரர், ஆடு மேய்ப்போர் ஆகியோரை அத்திருத்தம் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து சென்று ஒரு வீட்டில் வண்டியோட்டிய இளைஞர் ஒருவரை நாம் அறிவோம். அவர்க்கு ஏழு மாதச் சம்பளம் நிலுவை. வேறு வீட்டில் நல்ல வேலை கிடைத்தது. பழைய வீட்டார் இசையவில்லை. அவர் கேட்ட மறுவாரமே, அவர் ஓடிவிட்டார் என்று அவர்கள் பதிவு செய்துவிட்டனர். அங்கே அதற்கு ஹுரூப் என்று பெயர். பதிவான நாளன்று அவர் அந்த வீட்டு வாயிலில்தான் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தாராம்.