ஸ்பெக்ட்ரோ கேட்டு எழுதிய ஒரு வாக்கியத்துக்கு உரை

கோயம்புத்தூர் வட்டாரத்தில் பம்பு, மோட்டார் பாகங்களுக்கு வார்ப்பு ஊற்றும் பவுண்டரி எங்களுடையது. உலோகத்தில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோ வாங்குவது என்று முடிவானதும், கொட்டேஷன் கேட்டு நான் எழுதிய கடிதத்தில் உருப்படியான வாக்கியம் ஒன்றுதான்:

“கிரே அயர்ன், எஸ்.ஜி. அயர்ன் இரண்டுக்கும், கார்பன் முதல் மெக்னீசியம் வரை, எங்கள் சாம்பிளை எங்கள் கண்முன் சுட்டுக் காட்டி, ஆர்கான் செலவும் சேர்த்து விலை சொல்லவும்.”

வந்த பதில்களைப் பார்த்த பிறகுதான் இதற்கு ஓர் உரையும் எழுதியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

கிரே அயர்ன், எஸ்.ஜி. அயர்ன் இரண்டுக்கும்: பேஸ், அதாவது அடிப்படை உலோகம், ஒன்றே; அது இரும்பு. அலுமினியம், செம்பு, நிக்கல் என்று விற்பவர் அடுக்கும் ஒவ்வொரு பேஸுக்கும் தனி கேலிப்ரேஷன், தனி விலை. உருக்காத உலோகத்துக்கு எதற்குக் காசு?

இரும்பு என்று மட்டும் சொல்லி விட்டுவிடவும் முடியாது. ஸ்பெக்ட்ரோ ஒப்பிட்டுச் சொல்லும் கருவி. மின்பொறியில் (இதைத்தான் சுடுவது என்கிறோம்) ஆவியாகும் உலோகம் விடும் ஒளியை கிரேட்டிங் பிரிக்கும். எந்த அலைநீளத்தில் எவ்வளவு வெளிச்சம் என்று அளந்து, அளவு தெரிந்த சாம்பிள்களோடு ஒப்பிட்டுச் சதவீதமாக்கும். ஸ்டீல் சாம்பிள்களை வைத்து 1 சதவீத கார்பன் வரை பழக்கிய மெஷினில் 3.6 சதவீத கார்பன் உள்ள வார்ப்பிரும்பை வைத்தாலும் ஏதோ ஓர் எண் வரும். அந்த எண்ணுக்கு ஆதாரம் கிடையாது. ஏ.எஸ்.டி.எம். ஸ்டீலுக்கு இ 415 என்றும் வார்ப்பிரும்புக்கு இ 1999 என்றும் தனித்தனி முறை வைத்திருக்கிறது. ஆகவே ‘எத்தனை தனிமம்?’ என்பதை விட்டு, ‘ஒவ்வொன்றும் எதிலிருந்து எதுவரை?’ என்று கேட்க.

கார்பன் முதல் மெக்னீசியம் வரை: ‘முதல்’, ‘வரை’ என்றதால் இடையில் உள்ள சிலிகான், மாங்கனீஸ், பாஸ்பரஸ், சல்பர் எல்லாம் அடங்கின. கார்பனின் கோடு 193 நானோமீட்டரில், சல்பர் 180.7, பாஸ்பரஸ் 178 அளவில். இந்தப் புற ஊதா ஒளியைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் விழுங்கிவிடும். அதனால் ஒளி போகும் பாதை வெற்றிடமாகவோ ஆர்கான் போன்ற வாயு நிரம்பியோ இருக்க வேண்டும். கையில் பிடித்துச் சுடும் எக்ஸ்.ஆர்.எஃப். கன் விலை குறைவு என்று ஆசை காட்டினார்கள். ஸ்கிராப் பிரிக்க நல்ல கருவிதான். ஆனால் அதற்கு கார்பன் தெரியாது. மெக்னீசியத்தைத் தனியே சொன்னது எஸ்.ஜி. அயர்னுக்காக. அதில் 0.03 முதல் 0.05 சதவீதம் வரை நிற்க வேண்டும். குறைந்தால் கிராபைட் உருண்டையாகாது.

எங்கள் சாம்பிளை: வாக்கியத்தின் உயிர் இங்கேதான். உருகிய இரும்பைச் செம்பு அச்சில் ஊற்றிச் சட்டென்று உறைய வைத்த காயின்தான் சாம்பிள். அப்படி உறைந்தால் கார்பன் கிராபைட்டாகப் பிரியாமல் கார்பைடாகவே நிற்கும். உடைத்தால் வெள்ளையாகத் தெரியும். மெதுவாக உறைந்தால் உடைப்பு சாம்பல் நிறம். அதில் பொறி விழும் இடத்தில் கிராபைட் எவ்வளவு அகப்படுகிறதோ அதற்கேற்ப கார்பன் மாறிக்கொண்டே இருக்கும்.

மெஷின் விற்க முதலில் வந்தவர் தன் பையிலிருந்த வட்டை வைத்துச் சுட்டார். அச்சுப் பிசகாமல் ஒரே எண். எங்கள் காயினை வைத்ததும் கார்பன் 3.52, 3.31, 3.60. மெஷின் சரியில்லை என்று அனுப்பிவிட்டோம். இரண்டாமவர் சுடுவதற்கு முன்பே காயினை உடைத்துக் காட்டச் சொன்னார். நடுவில் சாம்பல் பூத்திருந்தது. அடுத்தடுத்து ஊற்றியதில் எங்கள் செம்பு அச்சு சூடேறிக் கிடந்திருக்கிறது! முதலாமவரிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன்.

எங்கள் கண்முன் சுட்டுக் காட்டி: திரையை மட்டும் பார்க்கக் கூடாது, சுட்ட வடுவையும் பார்க்க. நடுவில் உருகிய சிறு குழி, சுற்றிலும் கருவளையம் என்றால் நல்ல சூடு. வெளுத்துப் பரவியிருந்தால் ஆர்கான் சுத்தமில்லை, அல்லது காற்று புகுந்திருக்கிறது. அந்த ரீடிங்கைத் தள்ளிவிடுக. சான்றிதழ் உள்ள ரெஃபரன்ஸ் சாம்பிள் ஒன்றை, அளவைச் சொல்லாமல் நீட்டி, மூன்று முறை சுடச் சொல்லுங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று ஒட்டி வருகின்றனவா, சான்றிதழோடும் ஒட்டுகின்றனவா என்பது இரண்டு தனிக் கேள்விகள்.

ஆர்கான் செலவும் சேர்த்து: 99.999 சதவீதம் சுத்தம் என்று கேட்பார்கள்; வெல்டிங் சிலிண்டர் உதவாது. சுடாத நேரத்தில் எவ்வளவு வாயு போகிறது என்பதையும் எழுதி வாங்குக. கொட்டேஷனில் இதைத் தானாகச் சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

காயினை உடைக்கச் சொன்னவரிடமே வாங்கினோம். விலையில் அவர் இரண்டாவது. வாக்கியத்தில் நான் விட்டுவிட்டதும் ஒன்று உண்டு: எர்த்திங். இண்டக்‌ஷன் ஃபர்னஸ் ஓடும் ஷெட்டுக்குப் பக்கத்தில் மெஷினை வைக்கப் போகிறீர்கள் என்றால், அது வந்து இறங்கும் முன்பே தனி எர்த் குழி வெட்டி, ஏ.சி. அறையும் கட்டி வையுங்கள்.