நிற்கக் கற்ற நாய்

(நிகழ்நிலை உரையின் எழுத்து வடிவம்)

டொராண்டோவில் காலை, மெல்பர்னில் நள்ளிரவு; இரண்டு இடங்களிலிருந்தும் இணைந்திருக்கிறீர்கள். நான் பேசுவது சிசிலித் தீவின் ஸ்ஃபெர்ராகவால்லோவிலிருந்து. பலேர்மோ நகரின் ஓரத்தில் இருக்கும் மீனவர் ஊர். 'குதிரையின் லாடத்தைக் கழற்றுவது' என்று இப்பெயருக்குப் பொருள் சொல்கிறார்கள். பழைய பாதை அவ்வளவு கரடுமுரடு. ஊரை ஒட்டி காப்போ கால்லோ மலை, 527 மீட்டர். சுண்ணாம்புப் பாறை, குட்டைப் பனை, கையை அறுக்கும் புல். இப்படிப்பட்ட நிலத்தில் ஓர் இளம் நாயைக் காட்டுப் பறவை வேட்டைக்குப் பழக்குவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

துரத்தவும் கடிக்கவும் நாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது பிறவிக்குணம். மனிதன் பல நூற்றாண்டுகளாகப் பாடுபட்டுச் சொல்லித்தந்தது மூன்றே விஷயங்கள்: நில், காத்திரு, வாயில் இருப்பதைக் கொடு. பறவை வேட்டை நாயின் வரலாறு என்பது இந்த அடக்கத்தின் வரலாறு.

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவனுடைய நாய் கோவிவனும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு அது காத்து நின்றதைக் கல்வெட்டு சொல்கிறது. கடித்ததோடு நிறுத்தாமல், நின்றதையும் எழுதிவைத்த அந்த ஏழாம் நூற்றாண்டு மனிதருக்கு நாயைப் பற்றித் தெரிந்திருக்கிறது.

பலேர்மோவுக்கு வருவோம். இங்குள்ள பேராலயத்தில், செந்நிறக் கல்பேழைக்குள் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் இருக்கிறார். 1194இல் பிறந்து, பலேர்மோவில் வளர்ந்து, 1250இல் இறந்தவர். பறவைகளைக் கொண்டு வேட்டையாடும் கலை பற்றி லத்தீனில் பெருநூல் எழுதியவர். மொஆமின் என்று ஐரோப்பா அறிந்திருந்த ஓர் அரபு நூலை, அவருடைய அவை அறிஞர் அந்தியோக்கியாவின் தியடோர் லத்தீனாக்கினார். ஃபயென்சா நகரை முற்றுகையிட்டிருந்த 1240-41 காலத்தில் பேரரசரே அந்த மொழிபெயர்ப்பைத் திருத்தினார். அந்த நூல் வல்லூறோடு நாயையும் பற்றியது. வல்லூறு வேட்டையில் நாயின் வேலை நுட்பமானது. வல்லூறு பெருங்கொக்கை வீழ்த்தினால் நாய் ஓடிப்போய் உதவ வேண்டும். ஆனால் வல்லூறின் ஓர் இறகைக்கூடத் தொடக்கூடாது. இரண்டு பறவைகள் கட்டிப் புரளும்போது எது எதிரி, எது தோழன் என்று நாய் கண நேரத்தில் பிரித்தறிய வேண்டும்.

அடுத்தது வலையின் காலம். கௌதாரியின் வாசனை பட்டதும் நாய் தரையோடு படுத்துவிடும். வேட்டைக்காரர்கள் நாயையும் பறவைகளையும் சேர்த்தே வலையால் மூடுவார்கள். செட்டர் என்ற இனத்தின் பெயர் அந்தப் படுக்கையிலிருந்து வந்தது. தன் மேல் வலை விழும்வரை அசையாமல் கிடப்பது எவ்வளவு பெரிய பயிற்சி என்று யோசித்துப் பாருங்கள்.

துப்பாக்கி வந்ததும் கணக்கு மாறியது. பிரெஞ்சுப் புரட்சிப் போர்க் காலத்தில் நேப்பிள்ஸிலிருந்து தப்பி வந்த அரசர் ஃபெர்டினாண்ட், 1799இல் இங்கே மோன்தே பெல்லெக்ரீனோ மலையடியில் ஃபவோரீத்தா தோட்டத்தை அமைத்தார். விவசாயச் சோதனைக்கும் வேட்டைக்குமான இடம் அது. பின்புற வழியாகத் தோட்டா போடும் துப்பாக்கி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பரவியபோது, ஒரே நாளில் விழும் பறவைகளின் எண்ணிக்கை எகிறியது. புதரில் விழுந்ததைத் தேடி எடுத்துவர ஒரு நாய் தேவைப்பட்டது. அந்தத் தேவையில் உருவானவைதான் ரிட்ரீவர்கள். ஸ்காட்லாந்தில் ட்வீட்மவுத் பிரபு 1868இல் நூஸ் என்ற மஞ்சள் நாயையும் பெல் என்ற நீர் ஸ்பேனியலையும் சேர்த்து எடுத்த குட்டிகளிலிருந்து கோல்டன் ரிட்ரீவர் பிறந்தது. இன்று உங்களில் பலர் வீட்டுச் சோஃபாவில் படுத்திருக்கும் அதே நாய்.

அந்தக் கால ஆங்கிலேயர் நாய் பழக்குவதை 'உடைத்தல்' என்றே சொன்னார்கள். நாம் காளையை வசக்குவது என்கிறோம் அல்லவா, அதுபோல. ஆனால் நல்ல பழக்குநர்கள் உடைப்பதில்லை. முதல் சில மாதங்கள் குட்டிக்கு வேட்டை என்ற பேச்சே கிடையாது. பெயருக்குத் திரும்புவது, கூப்பிட்டால் வருவது, உட்காருவது. சுருட்டிய துணியை ஒடுக்கமான நடையில் எறிவார்கள். வேறு வழி இல்லாததால் குட்டி எஜமானிடமே கொண்டுவரும். அதன் வாயிலிருந்து பிடுங்கக்கூடாது. பிடுங்கினால் பல்லை இறுக்கும். பல்லை இறுக்கப் பழகிய நாய் பறவையை நசுக்கிவிடும். பிறகு துணியில் ஓர் இறகைக் கட்டுவார்கள். பிறகு ஆறிப்போன பறவை. வெடிச்சத்தத்தைத் தூரத்தில், குட்டி மகிழ்ச்சியாக இருக்கும்போது தொடங்கி, நாள்பட நெருங்குவார்கள். முதல் நாளே காதருகே வெடித்தால் அந்த நாய் ஆயுளுக்கும் துப்பாக்கியைக் கண்டால் ஓடும்.

இதுவரை ஆசிரியர் மனிதர். அதன்பின் பாடம் நடத்துவது காட்டுப் பறவை. பண்ணையில் வளர்த்த காடையை விட்டுப் பழக்கினால் குட்டி தப்பாகக் கற்கும். அந்தக் காடை தயங்கி நிற்கும், தாழப் பறக்கும்; பாய்ந்தால் பிடித்துவிடலாம் என்று குட்டிக்குத் தோன்றும். காட்டுக் கௌதாரி அப்படி விடாது. பாறை இடுக்கில் ஓடும், ஒளியும், நாய் ஓர் அடி அதிகம் வைத்தால் சரிவில் இறங்கிப் பறந்துவிடும். காற்றின் எதிரே வந்து மெல்ல முகர்ந்தால்தான் அது இருப்பதே தெரியும். பொறுமையின் பயன் என்ன என்று குட்டி அங்கேதான் உணர்கிறது.

சிசிலியின் பாறைக் கௌதாரி உலகில் வேறெங்கும் இல்லாத துணையினம். 1934இல் அதற்கு விட்டேக்கரி என்று பெயரிட்டார்கள். பலேர்மோவில் வாழ்ந்த ஆங்கிலேய மதுவணிகக் குடும்பத்தைச் சேர்ந்த பறவையியலாளர் ஜோசப் விட்டேக்கரின் நினைவாக. துனிசியப் பறவைகள் பற்றி 1905இல் நூல் எழுதியவர் அவர். இன்று அந்தக் கௌதாரி அருகிவருகிறது. துப்பாக்கி ஒரு காரணம், மாறிய மேய்ச்சலும் விவசாயமும் இன்னொன்று. பண்ணையிலிருந்து வேற்றினக் கௌதாரிகளை விட்டால் கலப்பு நேர்ந்து, இருக்கும் இனமும் கரைந்துபோகும். நாயினத்தை ஒரு பிரபு சில பத்தாண்டுகளில் உருவாக்கிவிட முடிந்தது. காட்டுப் பறவையை அப்படி உருவாக்க எந்தப் பிரபுவாலும் முடியாது.

1992ஆம் ஆண்டின் 157ஆம் எண் சட்டம் இத்தாலியின் வேட்டையை வரையறுக்கிறது. எங்கள் காப்போ கால்லோ 2001 முதல் இயற்கைக் காப்பகம். அங்கே வேட்டை கூடாது. ஆனால் நாயின் கலை வீணாகிவிடவில்லை. இத்தாலிய மலைகளில் கௌதாரிகளைக் கணக்கெடுப்பவர்கள் பழக்கிய நாய்களோடுதான் போகிறார்கள். நாய் முகர்ந்து நிற்கும், பறவைகள் எழும், ஒருவர் எண்ணிக் குறித்துக்கொள்வார். நாய் துரத்தாமல் திரும்பி வரும். ஃபிரெடரிக் காலத்து அடக்கம் அப்படியே இருக்கிறது. துப்பாக்கி மட்டும் இல்லை.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.