பட்டு நூலும் கறுப்புக் கொடியும்

ஆடை வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் சார்ள்ஸ் பிரெடரிக் வேர்த் என்னும் பெயரைத் தவறாது காண்பர். 1825இல் இங்கிலாந்திற் பிறந்து, 1858இல் பாரிஸ் நகரிலே தமக்கென ஓர் ஆடையகத்தைத் திறந்தவர் அவர். ஓவியன் தன் சித்திரத்தில் ஒப்பமிடுவதுபோல, தாம் அமைத்த உடையின் உட்புறத்திலே தம் பெயரைத் தைத்து வைத்தார். அவருடைய பட்டுடைகள் இன்று பெரும் நூதனசாலைகளிலே கண்ணாடிப் பேழைகளுள் நிற்கின்றன. அமைத்தவர் பெயர் தெரிகின்றது. உடுத்த சீமாட்டியின் பெயரும் பெரும்பாலும் தெரிகின்றது. அந்தப் பட்டை நெய்தவர் யாவர்?

வேர்த்தின் குடும்பத்தார் பிற்காலத்திற் கூறிய கதை ஒன்றுண்டு. லியோன் நகரத்துக் கனத்த சித்திரப்பட்டினால் அவர் அமைத்த உடையைப் பேரரசி இயூஜினி அணிய மறுத்தாராம். திரைச்சீலைபோல இருக்கின்றது என்பது அம்மையாரின் குறை. அவ்வேளை அங்கு வந்த மூன்றாம் நெப்போலியனிடம், பேரரசி இதனை அணிந்தால் லியோன் நகரம் மகிழும் என்றார் வேர்த். பேரரசர் இசைந்தார்; பேரரசியும் உடுத்தினார். கதையில் மிகை இருக்கலாம். ஆயினும், ஒரு நெசவு நகரத்தின் மனநிலையைப் பற்றிப் பேரரசர் ஏன் கவலைப்படவேண்டும்? அதற்கான விடையை ஆடை வரலாற்றில் அன்று, 1831ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலேயே தேடவேண்டும்.

1536இல் முதலாம் பிரான்சுவா மன்னன் வழங்கிய சலுகைகளோடு லியோனிற் பட்டு நெசவு வேரூன்றியது. பதினெட்டாம் நூற்றாண்டில் அந்நகரத்து வணிகர் ஆண்டுதோறும் கோலங்களை மாற்றினர். சென்ற ஆண்டின் பட்டை இவ்வாண்டு உடுத்துவது இழிவு என்ற எண்ணம் ஐரோப்பிய அரசவைகளிற் பரவியது. 'நாகரிகம்' என்று நாம் வியக்கும் இம்மாற்றத்தின் பின்னே வணிகரின் கணக்கும் இருந்தது.

ஒவ்வொரு பூவுக்கும் இலைக்கும் ஏற்பப் பாவு நூல்களை உயர்த்த, நெசவாளனுக்கு உதவியாக ஒருவர் தறியருகே நின்று நாள் முழுவதும் கயிறிழுக்கவேண்டும். பெரும்பாலும் சிறுவரும் பெண்களுமே இவ்வேலையைச் செய்தனர். 1804இல் லியோன் நகரத்து ஜக்கார் என்பார், துளையிட்ட அட்டைகளைக் கொண்டு அக்கயிறுகளை இயக்கும் பொறியை உருவாக்கினார். உடல் வருத்தம் ஒன்று ஒழிந்தது. அதனோடு பலரின் பிழைப்பும் ஒழிந்தது.

தறி யாருடையது? தன் வீட்டிலே சில தறிகளை வைத்திருந்த தலைமை நெசவாளனுடையது. நூலும் கோலமும் வணிகனுடையவை. தறி ஒன்றுமில்லாத அவ்வணிகனுக்கே பிரெஞ்சு மொழியில் 'உற்பத்தியாளன்' என்று பெயர்! நெய்த அளவுக்கு அவன் தரும் கூலியிற் பாதியைத் தலைமை நெசவாளன் கூலி நெசவாளனுக்குக் கொடுத்தான். சந்தை சரியும்போதெல்லாம் முதலிற் சரிந்தது இக்கூலியே.

1831 ஒக்டோபரில், நம் நாட்டு அரசாங்க அதிபரை ஒத்த பதவியிலிருந்த பூவியே-டுமொலார் முன்னிலையில், இரு தரப்புப் பிரதிநிதிகளும் கூடிக் குறைந்தபட்சக் கூலி விகிதம் ஒன்றை ஏற்றனர். ஆனால் வணிகரில் ஒரு பகுதியினர் அதனைப் பின்பற்ற மறுத்தனர். பாரிஸ் அரசாங்கம் அவர்கள் பக்கம் சாய்ந்தது. நவம்பர் 21ஆம் நாள் குருவா ரூஸ் குன்றிலிருந்து நெசவாளர் இறங்கிவந்தனர். உழைத்து வாழ்வோம், இல்லையேற் போரிட்டு மடிவோம் என்பது அவர்தம் கறுப்புக் கொடியின் வாசகம். இரு நாள் போரின்பின் படையினர் நகரைவிட்டு விலகினர்.

நகரம் நெசவாளர் கையில்! கொள்ளை நடவாதவாறு அவர்களே காவல் நின்றனர். ஆனால் வென்ற நகரை வைத்து என்ன செய்வதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் கேட்டது ஆட்சியை அன்று, ஒப்புக்கொண்ட கூலியை மட்டுமே. டிசம்பர் தொடக்கத்தில் தளபதி சூல்ட் பெரும்படையோடு வந்தார். கூலி விகிதம் செல்லாதென அறிவிக்கப்பட்டது. அதனை ஆதரித்த அதிபரும் பதவியிழந்தார். 1834 ஏப்பிரலில், சங்கங்களை ஒடுக்கும் சட்டம் வந்த வேளையில், நெசவாளர் மீண்டும் எழுந்தனர். இம்முறை பீரங்கிகள் பேசின; இரு தரப்பிலுமாக 300க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1831இன் நிகழ்ச்சியை முதலாவது தொழிலாளர் எழுச்சியென ஏங்கெல்ஸ் குறித்துள்ளார். நெப்போலியனின் போர்களை ஆண்டு பிசகாது ஒப்புவிக்கும் என் மாணவரில் ஒருவரேனும் இதனைக் கேள்விப்பட்டிருக்கவில்லை. அவர்களை நொந்து பயனில்லை. நானும் பல்கலைக்கழகத்தை விட்ட பின்னரே அறிந்தேன்.

வணிகர் தமக்குரிய பாடத்தை விரைந்து கற்றனர். கிளர்ச்சிக் குன்றைவிட்டுத் தறிகள் மெல்ல மெல்லக் கிராமங்களுக்குப் போயின. 1835இல் பொனே என்ற வணிகர் ஜுஜூரியோ என்னுங் கிராமத்தில் ஓர் ஆலையை நிறுவினார். ஏழைக் குடியானவர் வீட்டுப் பெண்பிள்ளைகள் அங்கேயே தங்கி வேலைசெய்தனர். அவர்களைக் கண்காணித்தவர்கள் கன்னியாஸ்திரிகள். பொனேயின் நிறுவனம் பெயர்பெற்றது கறுப்புப் பட்டுக்கு.