வீட்டுப் பெட்டியிற் கிடக்கும் ஆவணங்கள்

ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் தினசரியை நம் அன்பர்கள் அறிவர். புதுச்சேரியில் துய்ப்ளெக்ஸ் துரையின் துபாஷியாய் விளங்கிய அவர், 1736-ஆம் ஆண்டு தொடங்கி 1761-இல் தாம் மறையுங்காறும் கண்டதும் கேட்டதும் எழுதிவந்தார். பின்னர் அது 85 ஆண்டுகள் வீட்டிலேயே கிடந்தது. 1846-இல் கலுவா மோம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டு படியெடுத்தார். சென்னை அரசாங்கத்தார் அதனை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாய் வெளியிட 1904 முதல் 1928 வரை சென்றது. இன்றோ காலையிற் படம் பிடித்த ஓலையை மாலையில் உலகத்தார் இணையத்திற் காண்கின்றனர்.

பிரிட்டிஷ் நூலகத்தார் அழியும் நிலையிலுள்ள ஆவணங்களைக் காக்க 2004-இல் ஒரு திட்டம் தொடங்கினர். அதன் உதவியால் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் நம் நாட்டுக் கிராமங்களில் தேடி, 1870 முதல் 1940 வரையிலான ஊர்ப் பஞ்சாயத்துப் பத்திரங்களைப் படமெடுத்தனர். மூலம் உடையவரிடமே இருக்கும். படம் மட்டுமே வெளியே செல்லும். பத்திரத்தைக் காட்டினால் நிலமே போய்விடுமென்று அஞ்சுவோர் நம்மிற் பலராதலின் இதனை அழுத்திக் கூறுகின்றோம்.

நிற்க. சில மாதங்களுக்கு முன் நம் அங்கத்தினர் ஒருவர் இல்லத்தில் ஒரு பெட்டி ஓலைகள் கிடைத்தன. கிரயம், அடமானம், பாகப்பிரிவினை யாவற்றையும் படமெடுக்க வீட்டார் மகிழ்ந்து இசைந்தனர். ஆயின் இரண்டு ஓலைகளை மட்டும் விலக்குக என்றனர். அவை ஆள் விற்ற ஓலைகள்; அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாதென விதித்த 1843-ஆம் ஆண்டின் 5-ஆவது சட்டத்திற்கு முற்பட்டவை. "நம் முன்னோர் பெயர் கெடுமே" என்பது பெரியவரின் கவலை. நம் சங்கத்தாரிலும் சிலர் அவர் பக்கமே நின்றனர்.

யாம் அதற்கு உடன்படவில்லை. கோயிலில் முதல் மரியாதை பெற்றதைக் காட்டும் பட்டயத்தை மட்டும் வெளியிட்டுப் பிறவற்றை மறைப்போமாயின், அப்பட்டயத்தையும் எவர் நம்புவார்? அன்றியும், விற்கப்பட்டோரின் வழியினர் அவ்வூரிலேயே வாழ்கின்றனர். அவர்தம் முன்னோர் பெயர் எழுத்திற் பதிந்த இடம் அவ்வோலை ஒன்றே ஆகலாம். ஆகவே மறைத்தற்கு நமக்கு உரிமை இல்லை. அவரைக் கேளாது ஊரறிய விரித்தற்கும் இல்லை. இவ்வாறு கூறிய பின், பெரியவர் ஒரு வாரம் யோசித்தார். பிறகு தாமே அவ்வீடுகளுக்குச் சென்று கேட்டுவந்தார். இரண்டு ஓலைகளும் இப்பொழுது படமாகிவிட்டன. ஒரு வீட்டார் தங்களுக்கும் ஒரு பிரதி வேண்டுமென்றனர், கொடுத்தோம்.

படம் இணையத்தில் ஏறிவிட்டால் காரியம் முடிந்ததென்று எண்ணற்க. 2023 அக்டோபரில் கணினித் திருடர் தாக்கியதால் பிரிட்டிஷ் நூலகத்தின் டிஜிட்டல் சுவடிகளே மாதக்கணக்கில் எவர்க்கும் எட்டாதொழிந்தன. அத்துணைப் பெரிய நிலையத்திற்கே இக்கதி! ஆதலின் மூலத்தைப் பேணுக. படங்களின் பிரதிகளை வெவ்வேறிடங்களில் வைத்திடுக. காகிதப் பத்திரங்களைச் சூடேற்றிப் பிளாஸ்டிக்கில் ஒட்டுவித்தல் வேண்டா. பின்பு பிரிக்க இயலாது. ஓலைகளை ஈரமில்லாத இடத்திற் பருத்தித் துணியிற் சுற்றி வைக்கலாம். பெட்டி உடையோர் சங்கக் காரியதரிசிக்கு எழுதினால், படமெடுப்போரை வீட்டிற்கே அனுப்புவோம்.